உறுதி காத்த நீதிபதி

நிலவுரிமையை எழுத்தில் நாட்டும் பத்திரத்தை ஈழத்தமிழர் உறுதி என்பர். கொடுத்த வாக்கும் உறுதியே. குலையாத நெஞ்சமும் உறுதியே. இம்மூன்று பொருளையும் ஒருவர் வாழ்விலேயே காணலாம் என்று மாணாக்கர்க்கு நான் கூறுவதுண்டு. அவர் சேர் பொன்னம்பலம் அருணாசலம்.

அவர் 1853ஆம் ஆண்டு செப்டெம்பர் 14ஆம் நாள் கொழும்பிலே பிறந்தார். தந்தையார் மானிப்பாய் வழிவந்த பொன்னம்பல முதலியார். தாயார் செல்லாச்சி அம்மையார். சட்டநிரூபண சபையின் முதல் தமிழ்ப் பிரதிநிதியாகிய குமாரசுவாமி முதலியாரின் மகளார். சேர் பொன்னம்பலம் இராமநாதன் இவர்க்குத் தமையனார். கொழும்பிலும் கேம்பிறிட்ஜிலும் கற்றுத் தேர்ந்த அருணாசலம், 1875இல் போட்டிப் பரீட்சை வாயிலாக இலங்கைக் குடியியற் சேவையிற் புகுந்தார். அவ்வாயிலாற் புகுந்த முதல் இலங்கையர் இவரே.

அந்நூற்றாண்டின் அமெரிக்காவிலே நீதிபதியொருவர் வழக்குமன்றை விட்டு மக்களிடம் வாக்குக் கேட்டுச் சட்டசபை புகுதல் இயல்பாயிருந்தது. பிறர் ஆட்சிக்குட்பட்ட நம் நாட்டிலோ அவ்வழி அடைபட்டுக் கிடந்தது. ஆதலின், அருணாசலம் பல ஊர்களில் நீதிபதியாயிருந்து வழக்குரைத்த மக்களின் துயரைக் கேட்டறிந்தார். அரசியல் பேசும் காலம் வருமளவும் அலுவலிலேயே தம் தொண்டைச் செய்தார்.

1887இல் அவர் பதிவாளர் நாயகமானார். பொய்யுறுதிகளும் ஒழுங்கீனமும் மலிந்திருந்த காணிப் பதிவைச் சீர்செய்தார். 1901ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பை நடத்தி, முப்பத்தைந்து இலட்சத்துக்கும் மேற்பட்ட மக்களைப் பற்றிய அறிக்கையை வரலாற்று நூல்போல் எழுதினார். அண்மைக்காலப் போரிலே வீடிழந்து இடம்பெயர்ந்த திருகோணமலை மக்கள் பலர் மீண்டுவந்து தம் நிலத்தைக் கேட்டபோது, உறுதியும் அதன் பதிவும் எத்துணை இன்றியமையாதன என்பதை நாம் கண்டோம். அப்பதிவை நம்பத்தக்கதாக்கிய கைகளுள் அருணாசலத்தின் கை முதன்மையானது.

அலுவலின் நடுவே அவர் திருவாசகத்தை ஆய்ந்து அதன் பகுதிகளை ஆங்கிலத்தில் தந்தார். ஆங்கில அறிஞர் எட்வேட் காப்பென்டரின் கேண்மையைப் போற்றினார். 1906இல் இலங்கைக்குப் பல்கலைக்கழகம் வேண்டும் என்னும் இயக்கத்தைத் தொடங்கினார். அதன் பயனாய் 1921இல் பல்கலைக்கழகக் கல்லூரியும் 1942இல் இலங்கைப் பல்கலைக்கழகமும் தோன்றின.

1913இல் ஓய்வுபெற்றார். பிறர் இளைப்பாறும் வயதில் அவர் பொதுவாழ்விற் புகுந்தார். தோட்டத் தொழிலாளர் ஒப்பந்தம் மீறினால் அவரைச் சிறையிலிடும் 1865ஆம் ஆண்டுச் சட்டம், அவர் நீதிபதியாயிருந்த காலமெல்லாம் நடப்பிலிருந்தது. அச்சட்டத்தின் கொடுமையை ஒழிக்க இப்போது அவரே குரலெழுப்பினார். 1919இல் தொழிலாளர் நலச் சங்கமும் கண்டார்.

அவ்வாண்டு டிசெம்பரில் இலங்கைத் தேசிய காங்கிரஸ் தோன்றியது. அவரே முதல் தலைவர். தமிழரும் சிங்களவரும் ஒரே சபையில் ஒன்றுசேர்ந்தது எளிதாக நிகழ்ந்ததன்று. மேல் மாகாணத்தில் தமிழர்க்கு ஓர் இடம் ஒதுக்கப்படுவதை ஆதரிப்போம் என்று சிங்களத் தலைவர் சேர் ஜேம்ஸ் பீரிசு முதலியோர் 1918இல் எழுத்தில் உறுதியளித்தனர். அதனை நம்பியே அருணாசலம் யாழ்ப்பாணத் தலைவர்களை இணங்கச் செய்தார். தேர்தல் வந்தபோது அவ்வுறுதி கைவிடப்பட்டது.

பதவியொன்று கிட்டாமையாற் பிரிந்தார் என்று கூறுவாரும் உளர். நான் அவ்வாறு கருதேன். உறுதியை நம்பிப் பிறரை அழைத்துவந்தவர், அது பொய்த்தபின் அவ்விடத்தே அமர்ந்திருத்தல் அறமாகுமோ? தாம் நிறுவிய மன்றையே துறந்து வெளியேறினார். 1923இல் இலங்கைத் தமிழர் சங்கத்தை நிறுவினார். மறு ஆண்டு சனவரி 9ஆம் நாள், தலயாத்திரை சென்றவிடத்து மதுரையிலே இறையடி சேர்ந்தார்.

பொய்யுறுதி எழுதிய ஒருவன் ஒரு குடும்பத்தின் நிலத்தையே கெடுப்பான். இரு மக்களிடையே எழுதிய உறுதி பொய்த்தாலோ, அதன் கேடு தலைமுறை தலைமுறையாய்த் தொடரும். அருணாசலத்தின் பின் வந்த நூறாண்டு வரலாறு அதற்குச் சான்று. ஒற்றுமையை வேண்டுவோர் முதலிற் பேண வேண்டியது வாக்கின் வாய்மையே என்பதை அப்பெருமகனாரின் வாழ்வு நமக்கு உணர்த்துகின்றது.