ஏ.டி.பி.யைக் கண்ட சுப்பாராவ்

எல்லாப்பிரகடா சுப்பாராவ் 1895ஆம் ஆண்டு, அன்றைய சென்னை மாகாணத்தைச் சேர்ந்த பீமவரத்தில் பிறந்தார். பள்ளி இறுதித் தேர்வில் இருமுறை தோற்ற அவர், சென்னை திருவல்லிக்கேணியில் பயின்று மூன்றாம் முறை தேறினார். சென்னை மருத்துவக் கல்லூரியில் பயிலுங்கால் கதராடை உடுத்தியதால் பேராசிரியர் ஒருவரின் சினத்திற்கு ஆளானார். எம்.பி.பி.எஸ். பட்டம் கிட்டவில்லை, அதனினும் தாழ்ந்த சான்றிதழே கிடைத்தது.

பின்னர் அமெரிக்கா சென்று, ஹார்வர்டில் சைரஸ் ஃபிஸ்க் என்பாருடன் ஆய்வில் ஈடுபட்டார். தசை இயங்குவதற்கு லாக்டிக் அமிலம் உண்டாவதே காரணம் என்று அந்நாளில் அறிஞர் கருதினர். அத்துறை ஆய்வு 1922ஆம் ஆண்டின் நோபல் பரிசையும் பெற்றிருந்தது. 1927இல் இவ்விருவரும் தசையில் பாஸ்போகிரியேட்டின் என்னும் பொருளைக் கண்டறிந்தனர். பழைய கருத்து ஆட்டங்கண்டது. 1929இல் ஏ.டி.பி.யையும் பிரித்தெடுத்தனர். அதே ஆண்டில் ஜெர்மனியில் லோமன் என்பாரும் அதனைத் தனியே கண்டறிந்தார்.

நாம் உண்ணும் சோறு செரித்துக் குளுக்கோசாகி உயிரணுக்களை அடைகிறது. அங்கு அது ஆக்சிஜனின் துணையால் படிப்படியாகச் சிதைகிறது. வெளிப்படும் ஆற்றலில் ஒரு பகுதி ஏ.டி.பி.யில் சேமிக்கப்படுகிறது, எஞ்சியது வெப்பமாகிறது. தசை சுருங்குகையில் செலவாவது இந்த ஏ.டி.பி.யே. விரைந்தோடும்போது முதற்சில நொடிகளில் அதனை உடனுக்குடன் ஈடுசெய்வது பாஸ்போகிரியேட்டின்.

இத்துணை அருஞ்செயல் புரிந்தும் ஹார்வர்டு அவருக்கு நிலையான பதவி அளிக்கவில்லை. 1940இல் லெடர்லி ஆய்வகத்தில் சேர்ந்து, ஃபோலிக் அமில ஆய்வை வழிநடத்தினார். 1948இல் நியூயார்க்கில் மறைந்தார். குருதியிலுள்ள பாஸ்பரசை அளக்க அவ்விருவரும் வகுத்த முறை, ஃபிஸ்க்–சுப்பாராவ் முறை என்றே வழங்குகிறது.