மஸீஹுல் முல்க் ஹகீம் அஜ்மல் கான்

 

நோய்க்கு மருந்து தேடுவது நபிவழி என்பதை நாம் அறிவோம். எந்த மருந்தை, யாரிடம் கேட்டு, எவ்வளவு உண்பது என்பதில்தான் நம்மில் பலர் தடுமாறுகிறோம். இரத்த அழுத்தத்திற்கு மருத்துவர் எழுதிக் கொடுத்த மாத்திரையை நிறுத்திவிட்டு, பக்க விளைவே இல்லாதது என்ற சொல்லை நம்பி வேர்ப்பொடி உண்டவர் என் உறவினர் ஒருவர். சில வாரங்களில் எழுந்து நின்றாலே கண் இருட்டுகிற நிலைக்கு ஆளானார். யாரோடும் பேசாமல் சோர்ந்து கிடந்தார். அந்தப் பொடியில் இருந்தது சர்ப்பகந்தி வேர் என்பது பின்னர்தான் தெரிய வந்தது. அந்த வேரின் வரலாற்றைத் தேடப் போனபோது, யூனானி மருத்துவத்தின் மாமேதை ஒருவரின் வாழ்க்கை என் முன் விரிந்தது.

ஹகீம் அஜ்மல் கான் 1868 பிப்ரவரி 11 அன்று டில்லியில் பிறந்தார். முகலாயர் காலம் தொட்டு மருத்துவப் பணி புரிந்து வந்த ஷரீஃபீ குடும்பம் அவருடையது. பல்லிமாரான் பகுதியிலிருந்த ஷரீஃப் மன்ஸில் என்னும் அவர்களது இல்லம் நோயாளிகளுக்கு எந்நேரமும் திறந்திருந்தது. இளமையில் திருக்குர்ஆனை மனனம் செய்து ஹாஃபிஸ் ஆனார். அரபியும் பார்ஸியும் பயின்றபின், தந்தை ஹகீம் மஹ்மூத் கானிடமும் மூத்தோரிடமும் மருத்துவம் கற்றார். 1892இல் ராம்பூர் நவாபின் தலைமை மருத்துவரானார். சுமார் பத்தாண்டுகள் அங்குப் பணியாற்றிவிட்டு டில்லி திரும்பினார்.

வெளியூர்ச் செல்வந்தர் அழைத்தால் நாளொன்றுக்கு 1000 ரூபாய் பெறுவார் என்றும், தம் வாயிலைத் தேடி வந்தவர் எவராயினும் கட்டணம் வாங்கமாட்டார் என்றும் அவரைப் பற்றிக் கூறுவர். இதில் சற்று மிகை இருக்கலாம். எனினும், அவர் ஈட்டிய பொருளில் பெரும்பகுதி கல்விப் பணிகளுக்கே சென்றது என்பதில் ஐயமில்லை.

அக்காலத்தில் ஹகீம்களையும் வைத்தியர்களையும் அரசாங்கம் மருத்துவர்களாகவே ஏற்கத் தயங்கியது. 1912ஆம் ஆண்டின் பம்பாய் மருத்துவப் பதிவுச் சட்டம் மேலை மருத்துவம் படித்தோரை மட்டுமே அங்கீகரித்தது. இத்தகைய போக்கு வரப்போவதை முன்னரே உணர்ந்த அஜ்மல் கான், 1910இலேயே ஆயுர்வேத, யூனானி மருத்துவர்களை ஒரே மாநாட்டு அமைப்பில் ஒன்றுசேர்த்தார். முஸ்லிம் ஹகீமும் இந்து வைத்தியரும் ஒரே மேடையில் அமர்ந்தனர். அரசை எதிர்த்துக் குரல் கொடுத்ததோடு அவர் நிற்கவில்லை. நம்மவரிடமும் குறை உண்டு என்றார். உடற்கூற்றியலும் அறுவை மருத்துவமும் கல்லாத ஹகீம், முன்னோர் பெருமையை மட்டும் பேசிப் பயனில்லை என்பது அவர் நிலை. இதனால் தம் சொந்த வட்டாரத்திலேயே எதிர்ப்பைச் சந்தித்தார். லக்னோவின் புகழ்பெற்ற ஹகீம்கள் யூனானியில் அந்நியக் கலப்பு கூடாதென வாதிட்டனர். அவர் அசையவில்லை.

1909இல் மருத்துவச்சிகளுக்குப் பயிற்சியளிக்கும் பள்ளி ஒன்றைத் தொடங்கினார். பர்தாவைக் காரணம் காட்டிப் பெண்களின் பிரசவ மரணத்தைக் கண்டும் காணாமல் இருந்த காலம் அது. 1911இல் ஐரோப்பா சென்று அங்குள்ள மருத்துவமனைகளைப் பார்வையிட்டார். திரும்பி வந்து டில்லி கரோல் பாகில் ஆயுர்வேத, யூனானி திப்பிய்யா கல்லூரியை எழுப்பினார். அடிக்கல் 1916இல் நாட்டப்பட்டது. 1921 பிப்ரவரியில் காந்தியடிகள் திறந்து வைத்தார். இரு மருத்துவங்களும் ஒரே வளாகத்தில் கற்பிக்கப்பட்டன. ஹிந்துஸ்தானி தவாகானா என்னும் மருந்துச்சாலையின் வருவாய் இக்கல்லூரிக்கு ஆதாரமாயிற்று. தரமான சரக்கை ஒரே அளவில் சேர்த்து மருந்து செய்வதே அந்த மருந்துச்சாலையின் நோக்கம்.

அவரது அரசியல் வாழ்வு தனி நூலுக்குரியது. 1920இல் அரசு அளித்த பட்டத்தைத் துறந்தார். மக்கள் மஸீஹுல் முல்க் என்று அழைத்தனர். கிலாஃபத் இயக்கத்தில் முன்னணியில் நின்றார். 1921 அகமதாபாத் காங்கிரஸ் மாநாட்டிற்குச் சிறையிலிருந்த சித்தரஞ்சன் தாஸுக்குப் பதிலாகத் தலைமையேற்றார். ஜாமிஆ மில்லிய்யா இஸ்லாமிய்யாவின் முதல் வேந்தரும் அவரே.

நாம் தேடிவந்த வேர் இங்குதான் வருகிறது. ஜெர்மனியின் ஃபிராங்க்ஃபர்ட்டில் வேதியியல் பயின்ற ஸலீமுஸ்ஸமான் ஸித்தீகி என்ற இளைஞரை, திப்பிய்யா கல்லூரியில் ஆராய்ச்சிக்கூடம் அமைக்க அஜ்மல் கான் அழைத்திருந்தார். ஆனால் அந்தக் கூடம் இயங்குவதை அவர் காணவில்லை. 1927 டிசம்பர் 29 அன்று இதய நோயால் வஃபாத்தானார். இன்னாலில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன்.

ஸித்தீகி பணியைக் கைவிடவில்லை. பித்து, தூக்கமின்மை ஆகியவற்றுக்கு ஹகீம்கள் கொடுத்து வந்த சர்ப்பகந்தி வேரை எடுத்துக்கொண்டார். 1931இல் அதிலிருந்து பல வேதிப்பொருள்களைப் பிரித்தெடுத்து, அவற்றில் ஒன்றுக்குத் தம் ஆதரவாளரின் நினைவாக அஜ்மலைன் எனப் பெயரிட்டார். அதே ஆண்டில் கல்கத்தாவின் கணநாத சென், கார்த்திக் சந்திர போஸ் இருவரும் இவ்வேர் இரத்த அழுத்தத்தைக் குறைப்பதாக எழுதினர். 1949இல் பம்பாய் மருத்துவர் ருஸ்தம் ஜால் வக்கீல் 50 நோயாளிகளிடம் கண்ட பயனைப் பிரிட்டன் இதழொன்றில் வெளியிட்டபின் உலகம் திரும்பிப் பார்த்தது. 1952இல் சுவிட்சர்லாந்தின் சீபா நிறுவனத்தார் அவ்வேரிலிருந்து ரெஸர்பைனைப் பிரித்தனர். அது கலந்த அடெல்பேன் மாத்திரை நம் பெரியவர்கள் பலருக்கு நினைவிருக்கும்.

இவை செயற்படும் விதத்தைச் சற்று விளக்க வேண்டும். நரம்பு முனைகளில் நோர்அட்ரினலின் என்னும் பொருள் சிறு பைகளில் சேமித்து வைக்கப்பட்டுள்ளது. அது வெளிப்படும்போது இரத்தக் குழாய்கள் சுருங்கி அழுத்தம் ஏறுகிறது. ரெஸர்பைன் அந்தப் பைகள் நிரம்பாமல் தடுக்கிறது. குழாய்கள் தளர்ந்து அழுத்தம் இறங்குகிறது. ஆனால் மூளையிலும் அதே பைகள் உள்ளன. அங்கும் இருப்புக் குறையும்போது மனச்சோர்வு வருவதுண்டு. மூக்கடைப்பும் வயிற்றுப் புண்ணும் வரலாம். மருந்தை நிறுத்தினாலும் அதன் விளைவு உடனே நீங்காது. இக்காரணங்களால்தான் பிற்காலத்தில் வேறு மாத்திரைகள் அதன் இடத்தைப் பிடித்தன. அஜ்மலைனின் வழி வேறு. இதயத் தசைக்குள் சோடியம் நுழைவதை அது மட்டுப்படுத்துவதால் துடிப்பின் மின்னோட்டம் மெதுவாகிறது. ப்ருகாடா என்னும் பரம்பரை இதயக் கோளாற்றைக் கண்டறிய, இன்றும் சில நாடுகளில் இ.சி.ஜி. பார்த்தவாறே இதனை நரம்பு வழி செலுத்துகின்றனர்.

ரெஸர்பைன் மாத்திரையின் அளவு 0.1 முதல் 0.25 மில்லிகிராம் வரைதான். வேர்ப்பொடியிலோ எத்தனை மில்லிகிராம் இருக்கிறது என்பது மண்ணையும் பருவத்தையும் பொறுத்து மாறும். ஒரு கரண்டியில் எவ்வளவு போகிறது என்பதை விற்பவரும் அறியார், உண்பவரும் அறியார். ஏற்கெனவே அழுத்த மாத்திரை உண்பவர் இதனையும் சேர்த்தால் இரண்டும் கூடி அழுத்தத்தை வேண்டிய அளவுக்குக் கீழே தள்ளிவிடும். என் உறவினருக்கு, நல்லவேளையாக, மாத்திரை நின்றிருந்தது. யூனானியையோ சித்தத்தையோ இழித்துரைப்பது என் நோக்கமன்று. அளவும் கலப்பும் தெரியாத மருந்தைக் கண்டிக்கும் உரிமையை அஜ்மல் கானிடமிருந்தே பெறுகிறோம்.

நம் மாகாணத்திலும் இதே காலத்தில் இம்முயற்சி நடந்தது. நாட்டு மருத்துவத்தை ஆராயச் சென்னை அரசு 1921இல் அமைத்த குழுவிற்கு முஹம்மது உஸ்மான் தலைவர். அக்குழுவின் அறிக்கையின் பயனாக 1925இல் சென்னையில் இந்திய மருத்துவப் பள்ளி தொடங்கி, சித்தம், ஆயுர்வேதம், யூனானி மூன்றும் கற்பிக்கப்பட்டன. இன்று அரும்பாக்கத்தில் அறிஞர் அண்ணா அரசு இந்திய மருத்துவமனை வளாகத்தில் அரசு யூனானி மருத்துவக் கல்லூரி இயங்குகிறது. அரக்கோணத்திலிருந்து ரயிலில் சுமார் 70 கிலோமீட்டர். யூனானி சிகிச்சையை நாடுவோர் பட்டம் பெற்ற ஹகீம்களை அங்கே காணலாம். தாம் உண்டுவரும் ஆங்கில மாத்திரைகளின் சீட்டையும் மறவாமல் எடுத்துச் செல்ல வேண்டும்.