ஒளியால் கதை சொன்ன ஓவியர்

கதை சொல்பவனுக்குச் சொற்கள் உண்டு. நாடகக் கலைஞனுக்கு நடிப்பும் இசையும் உண்டு. ஓவியனுக்கோ அசையாத ஒரு துணியும் சில வண்ணங்களுமே துணை. முன் நடந்ததையும் பின் நடக்கவிருப்பதையும் அவன் ஒரே நொடிக்குள் அடக்கிக் காட்ட வேண்டும். இக்கலையில் தலைசிறந்தவர் எனப் போற்றப்படுபவர் ஹாலந்து நாட்டு ஓவியர் ரெம்பிராண்ட்.

1606ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 15ஆம் நாள், லெய்டன் நகரில் காற்றாலை வைத்திருந்த ஒருவரின் மகனாக அவர் பிறந்தார். பல்கலைக் கழகத்தில் பெயர் பதிவாயிற்று. உள்ளமோ தூரிகையை நாடியது. லெய்டனில் மூன்றாண்டுகள் பயின்றபின், ஆம்ஸ்டர்டாமில் பீட்டர் லாஸ்ட்மன் என்பாரிடம் ஆறு திங்கள் பயின்றார். லாஸ்ட்மன் கதைக் காட்சிகளைத் தீட்டுவதில் வல்லவர். அந்த ஆறு திங்களே மாணவரின் வாழ்நாள் பாதையை வகுத்தன எனலாம்.

1632இல் டாக்டர் டுல்ப் நடத்திய உடற்கூற்றுப் பாடத்தை ஓவியமாக்கினார். குழு ஓவியம் என்றால் வரிசையாக அமர்ந்த முகங்கள் என்றிருந்த காலம் அது. ரெம்பிராண்டோ ஒரு பாடம் நடக்கும் வேளையையே படம் பிடித்தார். புகழும் பொருளும் குவிந்தன. 1634இல் சாஸ்கியாவை மணந்தார். 1639இல் 13,000 கில்டர் விலைக்குப் பெரிய வீடு ஒன்றை வாங்கினார். அந்தக் கடன் பின்னாளில் அவரை விழுங்கக் காத்திருந்தது.

பிறந்த நான்கு குழந்தைகளில் மூன்று சிசுப் பருவத்திலேயே மடிந்தன. எஞ்சிய டைட்டஸ் ஒரு வயதை எட்டுமுன் 1642இல் சாஸ்கியாவும் மறைந்தார். 'இரவுக் காவல்' என்னும் பேரோவியம் நிறைவுற்றதும் அவ்வாண்டே. உண்மையில் அது பகற்காட்சி. மேற்பூச்சு கறுத்ததால் வந்த பெயர் அது. அதைக் கண்டு மக்கள் வெறுத்ததாலேயே அவர் வீழ்ந்தார் என்ற கதையை இன்றைய ஆய்வாளர் ஏற்பதில்லை.

பின்னர் ஹென்றிக்கியே என்னும் மங்கை அவர் இல்லத்தில் வாழ்க்கைத் துணையானார். மணமின்றி வாழ்ந்த குற்றத்திற்காக 1654இல் திருச்சபை அப்பெண்ணை அழைத்துக் கண்டித்தது. அதே ஆண்டில் தீட்டியதுதான் 'பத்சேபா'. பிறன் மனைவியைத் தாவீது மன்னன் அழைத்த விவிலியக் கதை அது. படத்தில் மன்னன் இல்லை, தூதனும் இல்லை. நீராடிய பெண்ணின் கையில் ஒரு கடிதம், தாழ்ந்த பார்வை, பாதத்தைத் துடைக்கும் கிழப் பணிப்பெண். மறுக்கவும் இயலாமல் இசையவும் இயலாமல் தவிக்கும் உள்ளத்தை அந்தப் பார்வை ஒன்றே உரைத்துவிடுகிறது.

எண்ணெய் வண்ணம் மெல்லவே உலரும். அடுக்கடுக்காகப் பூச இடம் தரும். ரெம்பிராண்ட் ஒளி படும் இடங்களில் வண்ணத்தைத் தடிப்பாக அப்பினார்; நிழலை மெல்லியதாக விட்டார். பார்ப்பவர் கண் முதலில் எங்கே செல்ல வேண்டும் என்பதை ஒளியே முடிவு செய்தது.

1656இல் அவர் கடனாளியாக நொடித்தார். ஆசையோடு சேர்த்த கலைப்பொருள்கள் ஏலத்தில் போயின. 1658இல் வீடும் விலைபோயிற்று. ஆயினும் கற்பதை அவர் நிறுத்தவில்லை. அக்காலத்தை ஒட்டி நம் நாட்டு முகலாயச் சிற்றோவியங்களைப் பார்த்து அவர் வரைந்த படங்கள் இருபதுக்கு மேல் இன்றும் உள்ளன.

1663இல் ஹென்றிக்கியேயும் 1668இல் டைட்டஸும் இறந்தனர். அந்த இறுதி ஆண்டுகளின் படைப்பே, லெனின்கிராடு எனவும் வழங்கிய பீட்டர்ஸ்பர்க் நகரின் ஹெர்மிடேஜ் கூடத்தில் உள்ள 'ஊதாரி மைந்தனின் வருகை'. மகனின் முகம் நமக்குச் சரியாகத் தெரிவதில்லை. மழித்த தலை, தேய்ந்த காலணி, வெறுங்கால் ஆகியவையே அவன் அலைந்த கதையைச் சொல்கின்றன. முதுகில் படிந்த தந்தையின் இரு கைகள் மன்னிப்பைச் சொல்கின்றன. சுற்றி நிற்போர் இருளில் கரைகின்றனர்.

1669 அக்டோபர் 4ஆம் நாள் ரெம்பிராண்ட் மறைந்தார். கல்லறைக்குப் பெயர்ப்பலகைகூட இல்லை. மாணவ நண்பர்களே, வீடும் செல்வமும் போன பின்னும் அவரிடம் தூரிகை இருந்தது. துயரம் அதனைக் கசப்பில் தோய்க்கவில்லை, கருணையில் தோய்த்தது. அந்த இரு கைகளின்மேல் அவர் விழச்செய்த ஒளி இன்றும் மங்கவில்லை.