துடுப்பாட்ட மன்னர் மகாதேவ சதாசிவம்

எமது கல்லூரி மலரிலே பிறிதொரு கல்லூரியின் மாணவரைப் பற்றி எழுதப் புகுந்தமைக்கு வாசகர் எம்மைப் பொறுத்தருள்வாராக. வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ துடுப்பும் பந்தும் ஏந்திய தமிழ்ச் சிறுவர் எவர்க்கும் சதாசிவம் அவர்கள் அயலாரல்லர்.

அன்னார் 1915ஆம் ஆண்டு கொழும்பிற் பிறந்து, வெஸ்லி கல்லூரியிற் பயின்று, தமிழ் யூனியன் கழகத்திற் சேர்ந்து ஆடினார். ஆட்டத்தையே சீவனோபாயமாகக் கொள்ளும் வழி அந்நாளில் இலங்கையில் இருக்கவில்லை. டெஸ்ற் ஆட்டத் தகுதியும் எமது நாட்டுக்குக் கிட்டியிருக்கவில்லை. கடல் கடந்து செல்லும் அணிகள் கொழும்பில் இறங்கும் வேளையும், அயல்நாட்டுடன் ஆடும் ஆட்டங்களுமே ஒருவர் திறமையை உலகறியச் செய்யும் வாய்ப்புக்களாயிருந்தன.

அத்தகைய வாய்ப்பொன்று 1947இல் வந்தது. சென்னைச் சேப்பாக்கத்தில் தென்னிந்திய அணிக்கெதிராக அவர் 215 ஓட்டங்கள் குவித்தார். மறு ஆண்டு மார்ச்சு மாதம், இங்கிலாந்து செல்லும் வழியில் பிரட்மனின் அவுஸ்திரேலிய அணி கொழும்பு ஓவலில் ஆடியபோது, இலங்கை அணிக்குத் தலைமை தாங்கியவர் இவரே. 22 யார் இருக்கவேண்டிய ஆடுகளம் 20 யாரே இருந்தமை அவ்வாட்டத்தில் தெரியவந்த ஒரு வேடிக்கை. 1950இல் பொதுநலவாய அணிக்கெதிராக அவர் பெற்ற 96 ஓட்டங்களைக் கண்ட பிராங் வொறெல், தாம் கண்ட துடுப்பாட்டக்காரருள் இவரே தலைசிறந்தவர் எனக் கருதியதாகக் கூறுவர்.

பயிற்சியில் நாட்டங் குறைந்தவர், கேளிக்கையில் விருப்பமுடையவர் என்பதை யாம் மறைக்க முற்படவில்லை. 1951 ஒற்றோபரில் பம்பலப்பிட்டி இல்லத்தில் அவர்தம் மனைவியார் கொலையுண்டு கிடந்தார். நான்கு புதல்வியர் தாயை இழந்தனர். கணவர் கொலைக் குற்றஞ் சாட்டப்பட்டுச் சிறை புகுந்தார். கலாநிதி கொல்வின் ஆர். டி சில்வா அவருக்காக வாதாட, எடின்பரோவின் தடயவியற் பேராசிரியர் சேர் சிட்னி சிமித் அவர் சார்பிற் சாட்சியமளித்தார். 1953 யூன் மாதம் யூரிமார் ஏகமனதாக அவரைக் குற்றவாளியல்லர் எனக் கண்டனர்.

விடுதலை பெற்றவர் கடல் கடந்து சென்று, சிங்கப்பூர் அணிக்கும் மலாயா அணிக்கும் தலைமை தாங்கினார். மூன்று நாட்டு அணிகளை வழிநடத்திய பெருமை இவ்வாறு அவருக்குரியதாயிற்று. எனினும் ஊர்வாய் ஓயவில்லை. நீதிமன்றம் விடுவித்த ஒருவரை வதந்தி என்னுங் கூண்டில் மீண்டும் ஏற்றுதல் அறமாகாது என்பதை எம் மாணவர் உணர்வாராக.

1977 யூலை 9ஆம் நாள் அவர் காலமானார். அவர் பிரட்மனை எதிர்த்து அணி நடத்திய அதே மைதானத்தில், 1982 பெப்ரவரியில் இலங்கை தனது முதலாவது டெஸ்ற் ஆட்டத்தை ஆடியது. தமிழ் யூனியனில் ஆடிய முத்தையா முரளிதரன் பின்னாளில் உலகப் புகழ் எய்தினார். ஏறுவதற்கு ஏணியில்லாத காலத்தில் உயர்ந்து நின்றவரை, ஏணி கிடைத்த தலைமுறையினராகிய யாம் மறத்தல் தகுமோ?