பச்சையப்ப வள்ளலின் மரண சாசனம்

செல்வம் நிலையாதென்பதை அறியாதார் இலர். ஆயினும் அச்செல்வத்தை நிலைபெற்ற அறமாக ஆக்கும் வழி யாதெனச் சிந்திப்போர் சிலரே. சிந்தித்ததை உயிருள்ள போதே எழுத்தில் வைப்போர் மிகச் சிலர். அச்சிலருள் முன்வைத்து எண்ணத்தக்கவர் காஞ்சிபுரம் பச்சையப்ப முதலியார் ஆவார்.

இப்பெருந்தகை 1754ஆம் ஆண்டிற் பிறந்தவர். தந்தையார் விசுவநாத முதலியார் இம்மகவின் முகம் காணுமுன்னரே காலமாயினார். அன்னையார் பூச்சியம்மாள் ஆதரவின்றிப் பெரியபாளையம் சேர்ந்து, ஆங்கு ரெட்டி ராயர் என்னும் செல்வரின் அரவணைப்பில் மக்களை வளர்த்தார். பின்னர்ச் சென்னைக்கு வந்த பச்சையப்பர், நாராயண பிள்ளை என்னும் துபாஷியின் ஆதரவைப் பெற்று, ஆங்கிலமும் கணக்கும் வாணிக நெறியும் பயின்றார். பிறர் கையால் உண்டு வளர்ந்த அவ்விளமைதான் பின்னாளில் அவர் கையைப் பிறர்க்கு நீளச் செய்தது போலும்.

துபாஷியென்பார் ஆங்கிலேயர்க்கும் நம் நாட்டார்க்கும் நடுவே நின்று, இருமொழியும் பேசிக் கொடுக்கல் வாங்கல் நடத்துவோர். அத்தொழிலிற் பச்சையப்பர் இளமையிலேயே பெரும்பொருள் ஈட்டினார். கோமளேசுவரன்பேட்டையில் இல்லம் அமைத்து வாழ்ந்த அவர், கூவத்தில் நீராடி ஈசனைத் தொழுத பின்னரே அலுவல் மேற்கொள்வார் என்பர். பொருள் பெருகியபோதும் சிவபத்தி குன்றவில்லை. திருக்கோயில் திருப்பணிகளிலும் அன்னதானத்திலும் அவர் மனம் ஈடுபட்டிருந்தது.

தஞ்சை நாட்டு அலுவல்களில் ஈடுபட்டிருந்த நாளில் அவரது உடல் நலிந்தது. அப்போது வயது நாற்பதே. நாளை பார்த்துக்கொள்வோம் என்று அவர் வாளாவிருந்தாரல்லர். 1794ஆம் ஆண்டு மார்ச்சு 22ஆம் நாள், கும்பகோணத்தில் தம் மரண சாசனத்தை எழுதுவித்தார். தேவாலய வழிபாட்டிற்கும் பிற அறங்களுக்கும் தம் பொருளில் பெரும்பகுதியை அதில் ஒதுக்கினார். அதே மாதம் 31ஆம் நாள் திருவையாற்றில் அவர் ஆவி பிரிந்தது. இடைப்பட்டவை ஒன்பது நாட்களே! அவ்வொன்பது நாட்களைக் காலம் அவர்க்குத் தாராதிருப்பின், அவர் பெயரை இன்று யார் அறிவார்?

ஆயினும் சாசனம் எழுதிய அளவில் அறம் நிறைவேறிவிடவில்லை. உரிமை வழக்குகள் எழுந்தன. பொருளைக் காக்க வேண்டியோர் காலத்தைக் கடத்தினர். கோயிலுக்கும் ஏழைக்கும் உரிய பொருள் நீதிமன்றத்தின் வாயிலில் பல்லாண்டு காத்துக் கிடந்தது. சென்னை உச்ச நீதிமன்றம் 1832இல் அறங்களை ஒழுங்குபடுத்தியது. அதற்குள் முதலோடு வட்டியும் பெருகியிருந்தமையால், சமயக் கடன்களுக்கு ஒதுக்கியது போகப் பெருந்தொகை எஞ்சிற்று. அதனைக் கல்விக்கு ஆக்குதல் தகுமென அந்நாள் அட்வகேட் ஜெனரலாக இருந்த ஜார்ஜ் நார்ட்டன் பெரிதும் முயன்றார்.

அதன் பயனாக 1842ஆம் ஆண்டு சனவரியில் சென்னையில் பச்சையப்பர் பள்ளி திறக்கப்பட்டது. 1850இல் சீனாக்கடைப் பகுதியில், கிரேக்க நாட்டுக் கோயிலொன்றின் வடிவில் அதற்கு அழகிய மண்டபம் எழுந்தது. 1889இல் அது கல்லூரியாயிற்று; 1940இல் சேத்துப்பட்டிற்கு இடம் மாறிற்று. கணித மேதை இராமானுஜன் அங்குப் பயின்றார். முதலமைச்சரான அண்ணாதுரையும் அங்குக் கற்றவரே. 1947 வரை இந்து மாணாக்கரே அங்குச் சேர்க்கப்பட்டனர். அதன்பின் கதவு எல்லார்க்கும் திறந்தது. தந்தையற்ற சிறுவன் ஒருவன் ஈட்டிய பொருள், தந்தையற்ற எத்துணையோ சிறுவர்க்குத் தந்தையாயிற்று!

இவ்வரலாறு நமக்கு உணர்த்துவன இரண்டு. அறம் செய்ய எண்ணியோர் அதனை எழுத்தில் வைத்தல் வேண்டும் என்பது ஒன்று. எழுத்தில் வைத்ததை நிறைவேற்றத் தக்காரைத் தேர்தல் வேண்டும் என்பது மற்றொன்று. முன்னதைச் செய்தமையால் பச்சையப்பர் பொருள் அழியாது நின்றது. பின்னது வாய்க்காமையால் ஏறக்குறைய ஐம்பதாண்டுகள் அது பயன்படாது கிடந்தது.

நம் சங்கத்து அன்பர்களே! மனைவி மக்கட்கு வேண்டுவன ஒதுக்கிய பின், தமக்கே உரிய பொருளில் ஒரு சிறு பகுதியையேனும் ஏழை மாணாக்கர் கல்விக்கு எழுதி வைத்தல் யார்க்கும் இயல்வதே. இன்னது, இவர்க்கு, இவ்வாறு எனத் தெளிவாக எழுதி, இரு சாட்சியர் கையொப்பம் பெறுதல் வேண்டும். பதிவு கட்டாயமன்று, எனினும் வழக்கைத் தவிர்க்க அது துணை செய்யும். நேர்மையும் உடல்வலியும் உள்ள ஒருவரை நிறைவேற்றுபவராகக் குறித்து, அவர்க்கும் அதனை முன்னரே அறிவித்தல் நன்று. எஞ்சும் வருவாயை எவ்வழியிற் செலவிடலாம் என்பதையும் சொல்லி வைத்தல் மிக நன்று.

ஒன்பது நாள் அவகாசம் யார்க்கு உண்டு, யார்க்கு இல்லை என்பதை அறிவார் எவர்? ஆதலின் நலமுள்ள இன்றே எழுதுவோமாக.