பாஸ்போர்ட் பறிக்கப்பட்ட பாடகர் – பால் ராப்சன்

பால் ராப்சன் என்ற பெயரை நம்மில் சிலராவது கேள்விப்பட்டிருப்போம். கறுப்பினப் பாடகர், இடி மாதிரிக் குரல் என்பதோடு சரி. அந்தக் குரலுக்குப் பயந்து அமெரிக்க அரசாங்கம் எட்டு வருஷம் அவரை வெளிநாடு போக விடாமல் தடுத்து வைத்தது. சிறையில் போடவில்லை, குற்றம் சாட்டி வழக்கும் போடவில்லை. பெயரைப் பட்டியலில் ஏற்றினார்கள், அவ்வளவுதான்.

ராப்சன் 1898 ஏப்ரல் 9 அன்று நியூ ஜெர்சி மாநிலம் பிரின்ஸ்டன் நகரில் பிறந்தார். அப்பா வில்லியம் அடிமையாகப் பிறந்தவர். பதினைந்து வயசு வாக்கில் தப்பி ஓடி, பிறகு படித்துப் பாதிரியார் ஆனவர். மகன் எல்லாப் பாடத்திலும் நல்ல மார்க் வாங்கி ஒன்றில் மட்டும் குறைந்தாலும், அது ஏன் குறைஞ்சதுன்னு கேட்பாராம். எங்கள் வீட்டில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள் நான். அதனாலோ என்னவோ, ராப்சனை விட இந்த அப்பாவைத்தான் எனக்கு முதலில் பிடித்தது.

1915இல் உதவித்தொகையோடு ரட்கர்ஸ் கல்லூரியில் சேர்ந்தார். அங்கே அவருக்கு முன் படித்த கறுப்பர்கள் இரண்டே பேர். கால்பந்து அணிக்கு (நம்ம ஊர் ஃபுட்பால் இல்லை, பந்தைக் கையில் வைத்துக்கொண்டு மோதுகிற ஆட்டம்) ஆள் எடுத்தபோது சக மாணவர்களே அவர் மூக்கை உடைத்தார்கள். காயம் ஆறியதும் மறுபடி மைதானத்துக்குப் போனார். 1917, 1918 இரண்டு ஆண்டும் அகில அமெரிக்க அணி வீரராகத் தேர்வானார். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும்.

1923இல் கொலம்பியாவில் சட்டம் முடித்து ஒரு வக்கீல் அலுவலகத்தில் சேர்ந்தார். கறுப்பர் சொல்லச் சொல்ல நான் எழுத மாட்டேன் என்று அங்கிருந்த வெள்ளைக்கார ஸ்டெனோ மறுத்துவிட்டார். ராப்சன் வேலையை விட்டு மேடைக்குப் போனார். நாடகம், சினிமா, இசைத்தட்டு என்று உலகமெல்லாம் புகழ். 1943இல் நியூயார்க்கில் தொடங்கிய ஒத்தெல்லோ நாடகம் 296 தடவை நடந்தது. வேல்ஸ் நாட்டுச் சுரங்கத் தொழிலாளர்களோடு பழகினார். 1938இல் ஸ்பெயின் போர்முனைக்கே போய்ப் பாடினார்.

பாட்டோடு நின்றிருந்தால் யாரும் அவரைத் தொட்டிருக்க மாட்டார்கள். கறுப்பர்களைக் கும்பல் கூடிக் கொல்வதைத் தடுக்கச் சட்டம் வேண்டும் என்று 1946இல் அதிபர் ட்ரூமனிடம் நேரில் கேட்டார். ஆப்பிரிக்கக் காலனி நாடுகளுக்கு விடுதலை வேண்டும் என்று பேசினார். 1949இல் பீக்ஸ்கில் என்ற ஊரில் அவர் கச்சேரிக்கு வந்தவர்களின் பஸ், கார் மீது கல்மழை. நூற்றுக்கும் மேற்பட்டவர்களுக்குக் காயம். போலீஸ் வேடிக்கை பார்த்தது.

எஃப்.பி.ஐ. என்ற மத்தியப் புலனாய்வுத் துறை அப்போது ஒரு ரகசியப் பட்டியல் வைத்திருந்தது. நெருக்கடி வந்தால் விசாரணை இல்லாமல் யார் யாரைப் பிடித்து அடைப்பது என்ற பட்டியல் அது. ராப்சனும் அதில் இருந்தார். 1950இல் வெளியுறவுத் துறை அவர் பாஸ்போர்ட்டை ரத்து செய்தது. அவரை வெளியே விடக்கூடாது என்று துறைமுகங்களுக்கெல்லாம் உத்தரவு போனது. என்ன குற்றம் என்று கேட்டால், நாட்டு நலனுக்கு ஆகாது என்று பதில். கம்யூனிஸ்ட் இல்லை என்று எழுதிக் கொடுத்தால் பார்க்கலாம் என்றார்கள். என் கொள்கையைக் கேட்க நீங்கள் யார் என்று அவர் எழுதிக் கொடுக்கவே இல்லை.

பட்டியல் செய்கிற வேலையே தனி. அரசாங்கம் பெயரை மட்டும் குறித்தால் போதும், மீதியை ஊரே பார்த்துக்கொள்ளும். அரங்குக்காரர்கள் இடம் தரவில்லை, கடைகளில் இசைத்தட்டு இல்லை. வருஷத்துக்கு லட்சம் டாலர் சம்பாதித்தவருக்குச் சில ஆயிரங்கள்தான் மிஞ்சின. பழைய கால்பந்து அணிப் பட்டியலில்கூட அவர் பெயரை எடுத்துவிட்டு அச்சடித்தார்கள்!

1952 ஜனவரியில் கனடா எல்லையிலும் தடுத்தார்கள். அமெரிக்கர் கனடா போக அப்போது பாஸ்போர்ட்டே தேவையில்லை. ஆனாலும் விடவில்லை. அந்த மே மாதம் எல்லைக்கோட்டின் இந்தப் பக்கம் ஒரு லாரி மேல் நின்று அவர் பாட, அந்தப் பக்கமும் இந்தப் பக்கமுமாக ஆயிரக்கணக்கானவர்கள் கேட்டார்கள்.

அடுத்தது நம்ம எலக்ட்ரானிக்ஸ் நண்பர்களுக்காக. 1956 செப்டம்பரில் அட்லாண்டிக் கடலடியில் முதல் டெலிபோன் கேபிள் திறக்கப்பட்டது. வால்வு வைத்த ரிப்பீட்டர்கள், மொத்தம் 36 பேச்சு வழிகள். 1957 அக்டோபரில் ராப்சன் நியூயார்க்கில் இருந்து அந்தக் கேபிள் வழியாகப் பாடினார். வேல்ஸில் போர்த்காலில் கூடியிருந்த சுமார் 5,000 பேர் ஸ்பீக்கரில் கேட்டு, பதிலுக்குப் பாடினார்கள். ஆளைத் தடுத்தவர்களால் குரலைத் தடுக்க முடியவில்லை.

1958 ஏப்ரலில் அவருடைய 60ஆவது பிறந்தநாள் இந்தியாவில் கொண்டாடப்பட்டது. விழாக் குழுத் தலைவர் பம்பாய்த் தலைமை நீதிபதி சாக்ளா. நேருவும் ஆதரித்தார். அமெரிக்க அதிகாரிகளுக்கு முகம் சுளித்தது. அதே ஜூனில் ராக்வெல் கென்ட் என்ற ஓவியரின் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம், கொள்கையைக் காரணம் காட்டிப் பாஸ்போர்ட்டை மறுக்க வெளியுறவுத் துறைக்கு அதிகாரம் இல்லை என்று தீர்ப்பளித்தது. 5க்கு 4 என்ற கணக்கில், ஒரே ஓட்டில் தப்பியது! ராப்சனுக்குப் பாஸ்போர்ட் திரும்பக் கிடைத்தது.

அவர் சொன்னதெல்லாம் சரி என்று நான் சொல்ல மாட்டேன். ஸ்டாலின் ஆட்சியில் தன் சொந்த நண்பர்களே அழிக்கப்பட்டபோது அவர் வெளியில் கண்டித்துப் பேசவில்லை. அது அவர் வாழ்க்கையில் ஒரு கறைதான். ஆனால் தப்பாகப் பேசுகிறவருக்கும் கப்பலேற உரிமை உண்டா இல்லையா என்பதுதானே அங்கே கேள்வி?

இது பழைய கதையும் இல்லை. 2001க்குப் பிறகு பயங்கரவாதத் தடுப்பு என்ற பெயரில் விமானத்தில் ஏற்றக்கூடாதவர் பட்டியலை அமெரிக்கா நீட்டிக்கொண்டே போனது. தன் பெயர் அதில் இருப்பதே பல பேருக்கு விமான நிலையத்தில்தான் தெரிந்தது. காரணம் சொல்லாமல், பதில் சொல்ல வழி தராமல் வைத்திருப்பது செல்லாது என்று ஒரிகன் மாநில மத்திய நீதிமன்றம் சொன்னது 2014இல்தான்.

வெளியே போன ராப்சன் 1960இல் சிட்னியில் ஆபரா ஹவுஸ் கட்டிக்கொண்டிருந்த தொழிலாளர்கள் நடுவில் நின்று பாடினார். ஆனால் உடம்பும் மனசும் தளர்ந்துவிட்டன. 1963இல் நாடு திரும்பினார். 1976 ஜனவரி 23 அன்று ஃபிலடெல்ஃபியாவில் காலமானார். கல்லூரிக் கால்பந்தின் புகழ்பெற்றோர் பட்டியலில் அவர் பெயரைச் சேர்த்தது 1995இல்.