அமாவாசையில் பிறந்த காவலர்

இந்தியாவின் அயல்நாட்டு உளவுத்துறையை நிறுவிய இராமேசுவர் நாத் காவ், 1918 மே 10, வெள்ளிக்கிழமை, காசி மாநகரில் காஷ்மீரப் பண்டிதர் குடியில் பிறந்தார். பஞ்சாங்கப்படி அது சித்திரை மாத அமாவாசை. மேட இராசியில் உச்சம் பெற்ற சூரியனோடு கூடிச் சந்திரன் ஒளி மறைந்திருந்த நாள். அரசில் உயர்வார், ஆயினும் முகம் மறைந்தே வாழ்வார் என்று சோதிடர் பலன் உரைக்க ஏற்ற அமைப்பு அது.

அவர் வாழ்வும் அவ்வாறே அமைந்தது. 1940இல் காவல்துறையில் சேர்ந்தார். 1962, 1965 ஆகிய இரு போர்களும் தந்த படிப்பினையால் 1968 செப்டம்பரில் 'ரா' அமைப்பு தோன்றியபோது அதன் முதல் தலைவரானார். 1971இல் வங்கதேச விடுதலைக்குத் திரைமறைவில் துணைநின்றார். 1977இல் ஆட்சி மாறியதும் பதவி விலகினார். தம் படம் வெளிவருவதை விரும்பாத அவர், ஓய்வு வேளைகளில் குதிரைச் சிற்பங்கள் வடித்தார்.

பின்னர் இந்திரா காந்திக்குப் பாதுகாப்பு ஆலோசகரானார். அக்காலத்திலேயே, 1984 அக்டோபர் 31 அன்று, காவலர் இருவரே அவரைச் சுட்டுக் கொன்றனர். ஏழாண்டுகள் நிறையுமுன், 1991 மே 21இல், சுங்குவார்சத்திரத்தை அடுத்த திருப்பெரும்புதூரில் மைந்தர் இராஜீவும் உயிர்நீத்தார். அப்போது காவ் பதவியில் இல்லை.

அதே அமாவாசையில் பிறந்தோர் பலர். உளவுத்துறை கண்டவர் ஒருவரே. கோள்கள் இயல்பைச் சுட்டலாம், செயல் மனிதனுடையது. காத்தவை வெளிப்படாமல் போக, காக்கத் தவறியவை மட்டுமே ஊரறிய நிற்பது அப்பணியின் துயரம். 2002 ஜனவரி 20இல் காவ் மறைந்தார். அமாவாசையிலும் வானில் நிலவு உண்டு, நாம்தாம் காண்பதில்லை.